அபாய நிலை 3, மூன்று நாளாக வெயில்: பள்ளத்தாக்கு வழியாகக் குடிலுக்குப் போகலாமா?

ஒற்றையடி | வியாழன், இரவு 8:40

வணக்கம். சனிக்கிழமை காலை நாலு பேர் கிளம்புகிறோம். ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமல் நடக்க மாட்டும் அகலமான தட்டு) மாட்டிக்கொண்டு பள்ளத்தாக்கின் அடியில் ஓடை ஓரமாகவே நடந்து, மரங்கள் முடியும் இடத்தில் இருக்கும் குடிலில் ஒரு இரவு தங்கிவிட்டு ஞாயிறு திரும்புவது திட்டம். பாதை கிட்டத்தட்ட சமதளம். நடுவில் ஒரே இடத்தில் மட்டும் மரமே இல்லாத வெட்டவெளி ஒன்று, சுமார் 200 மீட்டர். அதைக் குறுக்கே கடக்க வேண்டும்.

ஞாயிறும் திங்களும் 45 செ.மீ. பனி பெய்தது, கூடவே பலமான மேற்குக் காற்று. செவ்வாயிலிருந்து வானம் சுத்தம், இரவில் கடுங்குளிர். பனிச்சரிவு அறிக்கை இன்றும் நிலை 3 என்றே சொல்கிறது: மரக்கோட்டுக்கு மேல், வடக்கும் கிழக்கும் பார்த்த சரிவுகள், அடியில் பழைய பலவீனமான அடுக்கு. நேற்று ஸ்கீயில் போனவர்களின் தடம் குடில் வரை இருப்பதாகத் தெரிந்தவர் சொன்னார்.

எங்களில் இரண்டு பேரிடம் பீக்கன் (புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி) இருக்கிறது. சமதளத்தில் நடப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையா? மூன்று நாளில் பனி இறுகியிருக்காதா?

கோடைவாசி | வியாழன், இரவு 9:05

5-ல் 3 என்றால் நடுவாந்தரம். மூன்று நாள் வெயில் அடித்திருக்கிறது, தடமும் போட்டு வைத்திருக்கிறார்கள். தாராளமாகப் போய் வாருங்கள். அந்த வெட்டவெளியில் மட்டும் சத்தம் போடாமல் நடங்கள், போதும்.

வெண்பாறை | வியாழன், இரவு 10:21

முதலில் சத்தத்தை முடித்துவிடலாம். கத்தினால் பனி சரியும் என்பது சினிமாவோடு சரி. மனிதக் குரலுக்கு அந்த அளவு அழுத்தம் கிடையாது. பனியை உடைப்பது எடை. புதிதாகப் பெய்த பனியின் எடை, காற்று அள்ளிவந்து கொட்டிய பனியின் எடை, இல்லாவிட்டால் நம்முடைய எடை. ஸ்கீ, ஸ்னோஷூ என்று பொழுதுபோக்குக்காகப் போய்ச் சிக்கியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு, சரிவைக் கிளப்பியது அவர்களே அல்லது அவர்கள் கூட வந்தவர்.

அடுத்தது அந்த "நடுவாந்தரம்". குறைவு, மிதம், கணிசம், அதிகம், மிக அதிகம் என்ற ஐந்து நிலை அளவுகோல் ஐரோப்பாவில் 1993 முதல் புழக்கத்தில் இருக்கிறது. படிக்கட்டு மாதிரி சமமான உயரத்தில் ஏறும் அளவுகோல் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு நிலை கூடினாலே அபாயம் மடங்குக் கணக்கில் கூடுகிறது. நிலை 3-க்கு வட அமெரிக்க அறிக்கைகளில் வரும் விளக்கம்: தானாகச் சரிய வாய்ப்பு உண்டு, மனிதர் கால் வைத்துச் சரிய வாய்ப்பு அதிகம். நிலை 4, 5 வரும்போது வானிலையே மிரட்டும், பெரும்பாலோர் வீட்டில் இருந்துவிடுவார்கள். 3-ல்தான் வெயில் அடிக்கும், புதுப்பனி பளபளக்கும், எல்லாரும் கிளம்புவார்கள். சுவிட்சர்லாந்துக் கணக்கைப் பார்த்தால் சாவுகளில் ஏறத்தாழ பாதி இந்த நிலையில்தான்.

இப்போது மூன்று நாள் கேள்வி. புதுப்பனிக்குள்ளேயே பிரச்சினை இருந்தால் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். உங்கள் அறிக்கை சொல்வது வேறு ஆசாமியை. பருவத்தின் தொடக்கத்தில் பனி கொஞ்சமாகத்தான் இருக்கும். அடியில் தரையின் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும், மேற்பரப்போ தெளிந்த இரவுகளில் மிகவும் குளிர்ந்துவிடும். 10 செ.மீ. ஆழத்துக்கு 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் நீராவி கீழிருந்து மேலே நகர்ந்து, பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாத கோண வடிவப் படிகங்களாக மாறத் தொடங்கும். கையில் எடுத்தால் சர்க்கரை மாதிரி உதிரும். அதன்மேல் அடுத்த புயல் கனமாக ஒரு அடுக்கைப் போடும், காற்று அதை இறுக்கி ஒரே பலகையாக்கும். ஸ்லாப் பனிச்சரிவு என்பது இந்தப் பலகை மொத்தமாகக் கழன்று வருவது.

அடியில் உள்ள அந்த அடுக்கு மூன்று நாளில் குணமாகாது. வாரக்கணக்கில் கிடக்கும், சில வருடங்களில் பருவம் முழுக்கவே கிடக்கும். மெல்லிய பனியின் மேல் கடுங்குளிரும் தெளிந்த வானமும் தொடர்ந்தால் அது இன்னும் மோசமாகக்கூடும். வெயில் அடிக்கிறதே என்ற ஆறுதலுக்கு, வடக்கு பார்த்த, வெயிலே படாத சரிவில் எந்த அர்த்தமும் இல்லை.

மலைக்காகம் | வியாழன், இரவு 10:58

எல்லாரும் பனி எப்படி இருக்கிறது என்றே பேசுகிறோம். நீங்கள் நடக்கும் இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்று இன்னும் நீங்கள் சொல்லவே இல்லை. சமதளத்தில் நடப்பவர் தப்பித்தார் என்று நினைப்பதுதான் ஸ்னோஷூக்காரர்கள் செய்யும் பெரிய தப்பு.

2003 பிப்ரவரி 1, கனடாவின் ரோஜர்ஸ் கணவாய்க்குப் பக்கத்தில் கன்னாட் ஓடைப் பள்ளத்தாக்கு. பள்ளி மாணவர்களும் பெரியவர்களுமாக 17 பேர் ஸ்கீயில் பள்ளத்தாக்கின் அடியில் போய்க்கொண்டிருந்தார்கள். செங்குத்துச் சரிவு எதிலும் கால் வைக்கவில்லை. மேலே கியோப்ஸ் மலையின் வடக்கு முகம் தானாகக் கழன்று இறங்கியது. ஏழு மாணவர்கள் இறந்தார்கள். அவர்களிடம் பீக்கன், ப்ரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), ஷவல் (பனி அள்ளும் மண்வாரி) எல்லாம் இருந்தன, பொறுப்பானவர்களும் கூட இருந்தார்கள்.

அதற்குப் பிறகு கனடாவில் நிலத்தையே தரம் பிரிக்கும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள்: எளிது, சவாலானது, சிக்கலானது. பனி நாளுக்கு நாள் மாறும். மலையின் வடிவம் மாறாது. சந்தேகமான நாளில் எளிது என்று குறித்த நிலத்தோடு நின்றுகொள்வது அதன் பயன்.

வரைபடத்தை எடுத்து இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அந்த வெட்டவெளிக்கு மேலே இருக்கும் சரிவின் கோணம். ஸ்லாப் சரிவுகளில் மிகப் பெரும்பாலானவை 30-லிருந்து 45 பாகைக்குள் கிளம்புகின்றன. இரண்டு, பாதையில் நீங்கள் நிற்கும் புள்ளியிலிருந்து பனி கிளம்பக்கூடிய உச்சியைப் பார்த்தால் வரும் கோணம். அது 25 பாகையைத் தாண்டினால் வழக்கமான அளவுச் சரிவே உங்களை எட்டும். 18-க்குக் கீழே என்றால் பெரிய சரிவு வந்து சேர்வதே அபூர்வம். இடைப்பட்டது மலைக்கு மலை மாறும்.

அப்புறம், நீண்ட காட்டுக்கு நடுவில் மட்டும் 200 மீட்டர் அகலத்துக்கு ஏன் மரமே இல்லை? மேலே எதுவும் வராத இடமாக இருந்தால் அங்கேயும் மரம் வளர்ந்திருக்குமே.

ஒற்றையடி | வெள்ளி, காலை 6:50

கடைசி வரியைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது. காலையில் வரைபடத்தைத் திறந்து உட்கார்ந்தேன்.

வெட்டவெளிக்கு மேலே ஒரு பெரிய கிண்ணம் போன்ற பகுதி, கிழக்கு பார்த்தது. சமவுயரக் கோடுகளை எண்ணிக் கணக்குப் போட்டால் 34-லிருந்து 37 பாகை வருகிறது. பாதையிலிருந்து அதன் உச்சிக்குக் கோணம் 27. பழைய கோடைக்காலப் படம் ஒன்று கிடைத்தது. வெட்டவெளியின் விளிம்பில் இருக்கும் மரங்களுக்கு மேல்பக்கத்துக் கிளைகளே இல்லை, கீழ்ப்பக்கத்தில் மட்டும் இருக்கின்றன. காற்றால் அப்படி ஆகுமா?

இன்னொரு சந்தேகம். நாங்கள் கீழே நடக்கிறோம், மேலே யாரும் இல்லை. கீழே நடப்பவரால் மேலே உடையுமா?

வெண்பாறை | வெள்ளி, காலை 7:30

கிளைகள்: காற்றும் அப்படிச் செய்யும். ஆனால் திறந்த பாதையின் ஓரத்தில், மலையின் மேல்பக்கம் மட்டும் கிளைகள் முறிந்திருந்தால் பனி அடிக்கடி வந்துபோகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உடையுமா: உடையும். அதுதான் இந்த வகை அடுக்கின் குணம். சமதளத்தில் கால் வைக்கிறீர்கள், அடியில் உள்ள அடுக்கு நொறுங்கி "வும்ப்" என்று ஒரு அமுங்கும் சத்தம் கேட்கும். அந்த நொறுங்கல் பக்கவாட்டில் ஓடும். பலகை இணைப்பு விடாமல் மேலே சரிவு வரை தொடர்ந்திருந்தால், நூறு மீட்டருக்கு அப்பாலும் உடைத்துவிடும். அந்தச் சத்தம் கேட்டாலோ, காலடியிலிருந்து விரிசல் பாய்ந்து ஓடினாலோ, அன்று புதிதாகச் சரிந்த தடம் ஏதாவது கண்ணில் பட்டாலோ வேறு சோதனை தேவையில்லை. மலையே பதில் சொல்லிவிட்டது.

மேற்குக் காற்று, கிழக்கு பார்த்த கிண்ணம். காற்று ஒரு பக்கத்துப் பனியைச் சுரண்டி மறுபக்கத்தில் கொட்டும். பெய்தது 45 செ.மீ. என்றால் அந்தக் கிண்ணத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு சேர்ந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. உச்சியில் காற்று கட்டிய விளிம்பு, கார்னிஸ் என்பார்களே, அது தொங்குகிறதா என்று தூரத்திலிருந்து பாருங்கள். இருந்தால் காற்று எந்தப் பக்கம் கொட்டியது என்பதற்குச் சாட்சி அது. கொஞ்சம் வெயில் ஏறியதும் அது உடைந்து விழுவதே கீழே உள்ள பலகைக்குப் போதும்.

கோடைவாசி | வெள்ளி, காலை 8:15

பயமுறுத்துகிறீர்கள். நேற்று ஸ்கீக்காரர்கள் அதே வழியில் போயிருக்கிறார்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வேண்டுமானால் ஊதல் பை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் காற்று நிரம்பி மேலே மிதக்கவைக்கும். சியாச்சினில் ஒருவர் ஆறு நாள் பனிக்கு அடியில் இருந்து உயிரோடு வந்தாரே, மறந்துவிட்டதா?

ரெண்டாம்கயிறு | வெள்ளி, காலை 9:02

மறக்கவில்லை. 2016 பிப்ரவரி 3, சோனம் காவல்நிலை, 19,600 அடி. பத்து வீரர்கள் புதைந்தார்கள். லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா பிப்ரவரி 8-ஆம் தேதி உயிரோடு மீட்கப்பட்டார், 11-ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் இறந்தார். மற்ற ஒன்பது பேரும் அங்கேயே போய்விட்டார்கள். அவர் அத்தனை நாள் தாக்குப்பிடித்ததற்குக் கூடாரத்துக்குள் சிக்கிய காற்றுதான் காரணம் என்று சொன்னார்கள். நடந்துகொண்டிருக்கும்போது அடிபட்டுப் புதைபவருக்குக் கூடாரம் இருக்காது.

உண்மையான கணக்கு இதுதான். முழுதாகப் புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆகும்போது மூன்றில் ஒருவர். பழைய புத்தகங்களில் 15, 18 நிமிடம் என்று இருக்கும், புதிய சுவிஸ் தரவு அதைப் பத்தாகக் குறைத்துவிட்டது. இறப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் மூச்சுத் திணறித்தான் இறக்கிறார்கள். மீதிப் பேர் வரும் வழியிலேயே மரத்திலும் பாறையிலும் மோதி. மீட்புக் குழு ஹெலிகாப்டரில் வந்தாலும் பத்து நிமிடத்துக்குள் வராது. உங்களைத் தோண்டி எடுக்கப்போவது பக்கத்தில் நடந்து வருபவர் மட்டுமே.

அதனால் நாலு பேரில் இரண்டு பீக்கன் என்பது எனக்குப் புரியவே இல்லை. பீக்கன் இல்லாதவர் புதைந்தால் அவரை எங்கே தேடுவது? பீக்கன் இல்லாதவர் மேலே நின்றால் மற்றவரை எப்படித் தேடுவார்? நாலு பேருக்கும் பீக்கன், நாலு பேருக்கும் ப்ரோப், நாலு பேருக்கும் உலோக ஷவல். ஒன்று குறைந்தாலும் நான் அந்தக் குழுவோடு பனிச்சரிவு நிலத்துக்குள் வரமாட்டேன்.

ஊதல் பை நல்ல சாதனம், குறை சொல்லவில்லை. பெரிய அளவில் சிக்கியவர்களை வைத்துச் செய்த ஆய்வில் இறப்பு 22 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்தது. பாதி. அதோடு, ஐந்தில் ஒருவருக்குப் பை விரியவே இல்லை, பெரும்பாலும் இழுக்க முடியாமல் போனதால். நீங்கள் போகும் இடமோ ஓடை ஓரம். பனி வந்து தேங்கி ஆழமாகக் குவியும் பள்ளம் அது. சிறிய சரிவு கூட அங்கே இரண்டு மூன்று மீட்டர் ஆழத்தில் புதைத்துவிடும். மிதப்பதற்குப் பனி தொடர்ந்து ஓட வேண்டும், பள்ளத்தில் அது நின்றுவிடும்.

தெற்குச்சாய்வு | வெள்ளி, காலை 9:40

தடம் பற்றி ஒன்று. தடம் இருக்கிறது என்றால் ஒருவர் அந்தக் கோட்டில் போனார் என்று மட்டும்தான் தெரியும். பலகை எல்லா இடத்திலும் ஒரே தடிமன் கிடையாது. தடிமனான இடத்தில் பத்துப் பேர் போகலாம், பதினொன்றாவது ஆள் ஒரு பாறைக்குப் பக்கத்தில், பனி மெலிந்த இடத்தில் கால் வைத்தால் மொத்தமும் கழன்று வரும். பல விபத்துகளில் உடைத்தவர் முதல் ஆள் இல்லை.

மூன்றுமுனை | வெள்ளி, காலை 10:17

ஏன் யாரும் குழி வெட்டிச் சோதிக்கச் சொல்லவில்லை? போன வருடம் பயிற்சி வகுப்பில் கற்றுக்கொடுத்தார்கள். 30 செ.மீ.க்கு 90 செ.மீ. பனித்தூண் ஒன்றைத் தனியாகப் பிரித்து, ஒரு ஓரத்தில் ஷவலை வைத்து மணிக்கட்டிலிருந்து பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. விரிசல் தூண் முழுக்க ஒரே ஓட்டமாக ஓடினால் மோசம், ஓடாவிட்டால் பரவாயில்லை. ஊகத்தில் பேசுவதை விட இது நேரடிச் சான்று ஆயிற்றே.

வெண்பாறை | வெள்ளி, காலை 11:05

விளக்கம் சரி. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

அந்தச் சோதனை "போகாதே" என்று சொன்னால் நம்புங்கள். "போ" என்று சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் வெட்டும் குழி ஒரு மீட்டர் அகலம், கிண்ணமோ நூற்றுக்கணக்கான மீட்டர். இருபது தப்படி தள்ளி வெட்டினால் வேறு பதில் வரலாம். அதுவுமில்லாமல், சரியான பதில் வேண்டுமென்றால் அதே கோணம், அதே திசை, அதே உயரம் உள்ள சரிவில் வெட்ட வேண்டும். அதாவது போகக்கூடாத இடத்தில். பாதுகாப்பான இடத்தில் வெட்டினால் பாதுகாப்பான பதில் கிடைக்கும்!

அறிக்கை எழுதுபவர்களிடம் பல இடத்துக் குழிகள், பல நாள் வானிலை, மற்றவர்கள் அனுப்பிய தகவல் எல்லாம் இருக்கின்றன. வடக்கிலும் கிழக்கிலும் பலவீனம் இருக்கிறது என்று அவர்கள் எழுதியிருக்கும்போது, ஒற்றைக் குழியை வைத்து அதை மறுப்பது எனக்குப் பிடிக்காத வேலை. குழி வெட்டுங்கள், கற்றுக்கொள்ள. ஒரு சரிவில் ஏறலாம் என்று நியாயப்படுத்த அதை வெட்டாதீர்கள்.

மூன்றுமுனை | வெள்ளி, காலை 11:31

முழுக்க ஏற்க முடியவில்லை. அறிக்கையும் ஒரு பெரிய வட்டாரத்துக்குப் பொதுவாக எழுதுவதுதானே? அதை இந்தப் பள்ளத்தாக்குக்குப் பொருத்திப் பார்க்க ஏதாவது ஒரு சோதனை வேண்டாமா? அதோடு, அறிக்கையே வெளிவராத மலைகளும் உண்டு. அங்கே குழியும் கண்ணும்தான் இருக்கின்றன.

வெண்பாறை | வெள்ளி, பகல் 12:10

அறிக்கை இல்லாத இடம் என்ற கடைசிப் புள்ளி நியாயம். அங்கே நான் இன்னும் மென்மையான நிலத்துக்குப் போவேன் என்பதே என் பதில். தகவல் குறையக் குறையக் கோணமும் குறைய வேண்டும். இந்த விஷயத்தில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போக மாட்டோம், விடுங்கள்.

நீலக்கூடாரம் | வெள்ளி, பகல் 12:44

இமயமலைப் பக்கம் குளிர்கால மலையேற்றம் போகிறவர்களுக்கு இடையில் ஒரு தகவல். பாதுகாப்புத் துறை ஆய்வு அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் சண்டிகரில் இயங்கும் டி.ஜி.ஆர்.இ. என்ற நிறுவனம் ஜம்மு காஷ்மீர், லடாக், இமாச்சல், உத்தராகண்ட் பகுதிகளுக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது. பழைய ஆட்களுக்கு இதே வேலையைச் செய்த மணாலி சாசே நிறுவனம் நினைவிருக்கும். அந்த எச்சரிக்கை மாவட்ட அளவில் வரும், பாதை அளவில் வராது. எனவே மூன்றுமுனை சொல்வது அங்கே நிஜமான சிக்கல்.

"குளிர்காலம்" என்ற எல்லையையும் ரொம்ப நம்பவேண்டாம். திரௌபதி கா தண்டா சிகரத்தில் நேரு மலையேற்ற நிறுவனத்தின் பயிற்சிக் குழு சிக்கியது 2022 அக்டோபர் 4-ல். 27 உடல்கள் கிடைத்தன. இருவரை அப்போது கண்டுபிடிக்க முடியவில்லை.

தங்கும் இடமும் முக்கியம். 2025 பிப்ரவரி 28, பத்ரிநாத்துக்கு மேலே மாணா. எல்லைச் சாலை அமைப்பின் முகாம்மேல் பனி இறங்கியது. 54 தொழிலாளர்கள் சிக்கினார்கள், 46 பேர் மீட்கப்பட்டார்கள், எட்டுப் பேர் இறந்தார்கள். யாரும் மலை ஏறிக்கொண்டிருக்கவில்லை. ஒற்றையடி, உங்கள் குடிலுக்கு மேலே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள். ஆஸ்திரியாவின் கால்த்யூர் கிராமத்தில் 1999 பிப்ரவரி 23-ல் 31 பேர் இறந்தது ஊருக்கு நடுவில். ஆஸ்திரியா மாதிரி பல நூற்றாண்டு அனுபவம் உள்ள நாட்டில், அபாய வரைபடத்தில் பாதுகாப்பானது என்று குறித்திருந்த பகுதிக்குள்ளேயே பனி புகுந்துவிட்டது.

தெற்குச்சாய்வு | வெள்ளி, மதியம் 2:20

குடில் விஷயத்தில் எனக்கு உறுத்துவது வேறு. இடம் முன்பதிவு செய்தாகிவிட்டது, நாலு பேரும் லீவு போட்டாகிவிட்டது, எல்லாரும் மூட்டை கட்டியாகிவிட்டது, சரியா? இந்த நிலையில் "போகலாமா" என்று கேட்பவர் மனதில் பாதி போய்ச் சேர்ந்திருப்பார்.

2012 பிப்ரவரி 19, அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கணவாய், டன்னல் கிரீக். பதினாறு பேர் சேர்ந்து இறங்கப் போனார்கள். அந்த மலையை உள்ளங்கை போலத் தெரிந்தவர்கள், தொழில்முறை ஸ்கீ ஆட்கள், பத்திரிகைக்காரர்கள். அறிக்கையைப் படித்தவர்கள். பலருக்கு உள்ளுக்குள் தயக்கம் இருந்ததைப் பின்னால் சொன்னார்கள். ஆனால் இத்தனை அனுபவசாலிகள் இருக்கும்போது நான் என்ன சொல்ல என்று ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். மூன்று பேர் இறந்தார்கள்.

ஆகவே இன்று மாலையே நாலு பேரும் உட்கார்ந்து இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். மாற்று இடம் ஒன்று, அதுவும் ஆசையாகப் போகக்கூடிய இடமாக. வேண்டாவெறுப்பாக ஒரு மாற்று இடம் வைத்திருந்தால் யாரும் அதற்குப் போகமாட்டார்கள். இரண்டாவது, ஒருவர் வேண்டாம் என்றாலே திரும்புவது, காரணம் கேட்கக்கூடாது. குழுவிலேயே அனுபவம் குறைந்தவர்தான் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கும். அவருக்கு அந்தத் தைரியத்தை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.

கோடைவாசி | வெள்ளி, மதியம் 3:01

நீங்கள் எல்லாரும் சொல்வதைக் கேட்டால் குளிர்காலத்தில் மலைப் பக்கமே தலைவைக்கக் கூடாது போலிருக்கிறதே.

மலைக்காகம் | வெள்ளி, மதியம் 3:25

நேர்மாறு. நான் பருவம் முழுக்கப் போகிறேன். நிலை 3-ல் 30 பாகைக்குக் கீழே இருக்கும், மேலேயும் பக்கத்திலும் அதைவிடச் செங்குத்தான எதுவும் தொங்காத நிலத்தில் நடந்தால் பனிக்குள் எந்த அடுக்கு இருந்தால் எனக்கென்ன? அடர்ந்த காடு, அகலமான முகடு, மென்மையான மேட்டு நிலம். இவற்றில் ஒரு நாள் முழுக்க நடக்கலாம்.

கோணம் அளக்கக் கருவி இல்லை என்றால் ஒரே நீளமுள்ள இரண்டு நடைக்கோல் போதும். ஒன்றை மட்டமாகப் பிடித்து, அதன் நுனி மேல்பக்கத்துப் பனியைத் தொடும்படி வையுங்கள். கையில் இருக்கும் மறு முனையிலிருந்து இன்னொரு கோலைச் செங்குத்தாகக் கீழே இறக்குங்கள். பாதிக் கோல் நீளத்தில் பனியைத் தொட்டால் 27 பாகை. பாதியைத் தாண்டினால் நீங்கள் இருக்கக்கூடாத இடத்துக்கு நெருங்கிவிட்டீர்கள். கண் அளவை நம்பாதீர்கள், கீழிருந்து பார்த்தால் எல்லாமே ஏமாற்றும்.

ஒற்றையடி | வெள்ளி, மாலை 6:48

நாலு பேரும் பேசிவிட்டோம். குடில் ரத்து. முன்பணம் திரும்பி வராது, பரவாயில்லை. தெற்கே காட்டுக்குள் போகும் பழைய வண்டிப்பாதை ஒன்று இருக்கிறது. வரைபடத்தில் எங்கேயும் 20 பாகை தாண்டவில்லை, முடிவில் அகலமான முகடு. மேலே தொங்கும் சரிவு எதுவும் இல்லை என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தோம். ஒரு நண்பர் மட்டும் இன்னும் முறுக்கிக்கொண்டு இருக்கிறார், அவருக்குக் குடில்தான் வேண்டுமாம். ஆனால் வருகிறார்.

இன்னும் இரண்டு பீக்கனும் ப்ரோபும் ஷவலும் வாடகைக்கு எடுத்தாயிற்று. காட்டுப் பாதைக்கு அவசியமில்லை என்றாலும், முகட்டில் உட்கார்ந்து தேடிப் பழகலாம் என்று எண்ணம். எப்படிப் பழகுவது என்று யாராவது சொல்ல முடியுமா?

ரெண்டாம்கயிறு | வெள்ளி, இரவு 7:35

நல்ல முடிவு. பழகுவதற்கு:

கிளம்பும் இடத்திலேயே நாலு பீக்கனும் ஒலிபரப்பில் இருக்கிறதா, தேடலில் மற்றதைப் பிடிக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ்தான், ஒன்றோடொன்று பேசும். கைபேசி, கேமரா, சூடேற்றும் கையுறை எல்லாம் ஒலிபரப்பின்போது 20 செ.மீ., தேடும்போது 50 செ.மீ. தள்ளி இருக்கட்டும். பலர் கைபேசியையும் பீக்கனையும் ஒரே சட்டைப்பையில் வைக்கிறார்கள். பார்த்தாலே எனக்கு ஆத்திரம் வரும்.

ஒருவர் பீக்கனை ஒரு பையில் போட்டு மற்றவர் பார்க்காமல் புதைக்கட்டும். அவர் தன் உடலில் வேறு பீக்கன் வைத்திருந்தால் அது தேடலில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரையே கண்டுபிடிப்பீர்கள். நிஜமான விபத்தில் முதல் வேலை கடைசியாக ஆளைப் பார்த்த இடத்தைக் கண்ணில் குறிப்பது. இன்னொரு சரிவு வருமா என்று நிமிர்ந்து பார்ப்பதும் அப்போதே. பிறகு எல்லாரும் தேடலுக்கு மாறி, அந்த இடத்திலிருந்து கீழ்நோக்கி, பனிக்கு மேல் தெரியும் கையுறை, கோல் எதையும் விடாமல் போக வேண்டும். சிக்னல் கிடைத்ததும் ஓடலாம். பீக்கன் காட்டும் தூரம் 3 மீட்டருக்கு வந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, பீக்கனைப் பனியோடு ஒட்டி, திருப்பாமல், மெதுவாகக் குறுக்கும் நெடுக்குமாக நகர்த்துங்கள். மிகக் குறைந்த எண் வந்த இடத்தில் ப்ரோபைச் சரிவுக்குச் செங்குத்தாகக் குத்தி, கிடைக்காவிட்டால் 25 செ.மீ. இடைவெளியில் சுற்றிச் சுற்றி விரிவாக்குங்கள். பட்டதும் அதைப் பிடுங்காதீர்கள்.

தோண்டுவதைத்தான் யாரும் பழகுவதில்லை. நேரத்தில் பாதிக்கு மேல் அதில்தான் போகிறது. ப்ரோபுக்கு நேர்மேலே தோண்டக் கூடாது. கீழ்ப்பக்கம், புதைந்த ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி ஆரம்பித்து, பனியைத் தூக்கி வீசாமல் பின்னால் தள்ளிக்கொண்டே உள்ளே போங்கள். ஒருவர் முனையில், மற்றவர்கள் பின்னால், ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். சரிந்து நின்ற பனி சில நொடியில் இறுகிவிடும், கையால் ஒரு பிடி கூட எடுக்க முடியாது. ஒரு மீட்டர் ஆழம் என்றாலே ஒரு டன்னுக்கு மேல் அள்ள வேண்டியிருக்கும். அதனால்தான் பிளாஸ்டிக் ஷவல் வேண்டாம் என்கிறேன். முகம் தெரிந்ததும் வாயையும் மூக்கையும் சுத்தம் செய்துவிட்டு, பிறகு மார்பு.

ஒற்றையடி | வெள்ளி, இரவு 8:10

அச்சடித்து எடுத்துக்கொண்டேன். ஒரு கடைசிக் கேள்வி: வாடகை பீக்கனில் பேட்டரி 60 சதவீதம் காட்டுகிறது. என்னிடம் ரீசார்ஜ் செய்யும் பேட்டரி நிறைய இருக்கிறது. மாற்றிவிடலாமா?

ரெண்டாம்கயிறு | வெள்ளி, இரவு 8:22

வேண்டாம். ரீசார்ஜ் பேட்டரியில் மீதி எவ்வளவு என்று காட்டும் எண் தப்பாக வரும், குளிரில் திடீரென்று நின்றுவிடும். புது அல்கலைன் போடுங்கள், எல்லாம் ஒரே வகையாக, ஒரே நாளில் பிரித்ததாக. சில புது மாடல்களில் லித்தியம் போடலாம், அதைக் கையேட்டில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

தெற்குச்சாய்வு | வெள்ளி, இரவு 8:40

முகட்டின் ஓரத்தில் கார்னிஸ் இருக்கலாம். நடக்கும்போது காற்று வரும் பக்கமாக, விளிம்பிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி நடங்கள். அது உடைந்தால் நினைத்ததை விட உட்பக்கமாகவே பிளக்கும். காலையில் அறிக்கையை இன்னொரு முறை பாருங்கள், இரவில் காற்று திசை மாறும் என்று போட்டிருக்கிறார்கள்.